உப்புத் தண்ணீரை ஜெயிக்காத ஊசிகள்

ஒரு மாத்திரை. 24 வாரம் சாப்பிட வேண்டும். சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு முழங்கால் வலி ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தது. இப்படி ஒன்று கடைக்கு வந்தால் நம் ஊரில் வரிசை தெருமுனை வரை நிற்கும். ஆனால், அந்த மாத்திரைக்குள் மருந்து என்று எதுவும் இல்லை.

அமெரிக்காவில் 16 மையங்களில், மூட்டு தேய்மானம் உள்ள 1,583 பேரை வைத்து நடந்த ஆய்வில் கிடைத்த கணக்கு இது. முடிவு வெளியானது 2006-ல். ஐந்து குழுக்கள். முதல் குழுவுக்குக் குளுக்கோசமைன், அடுத்ததற்குக் காண்ட்ராய்டின், மூன்றாவதற்கு இரண்டும் சேர்த்து, நான்காவதற்கு செலிகாக்சிப் என்ற வலி மாத்திரை, ஐந்தாவதற்கு வெற்று மாத்திரை. வெற்று மாத்திரைக்காரர்களில் 60 சதவிகிதம் பேருக்குப் பலன். குளுக்கோசமைனுக்கு 64. இரண்டும் சேர்ந்ததற்குச் சுமார் 67. வலி மாத்திரைக்கு 70. வெற்று மாத்திரையைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தாண்டியது வலி மாத்திரை ஒன்றுதான். அதன் பிறகும் குளுக்கோசமைன் டப்பாக்கள் மெடிக்கல் ஷாப் அலமாரியில் கம்பீரமாகத்தான் இருக்கின்றன. அந்த ஆய்வில் நடுத்தரம் முதல் கடுமையான வலி வரை இருந்த சிறு குழுவுக்கு மட்டும் இரட்டை மருந்து நன்றாக வேலை செய்ததாக ஒரு துணைக் கணக்கு இருந்தது. விற்பவர்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

மருந்தே இல்லாமல் வலி எப்படிக் குறைகிறது? 'எல்லாம் மனசு' என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. முட்டி வலி ஒரே சீராக இருப்பதில்லை. ஏறும், இறங்கும். மாடிப்படி ஏற முடியாமல், ராத்திரி புரண்டு படுக்க முடியாமல், இனித் தாங்காது என்ற நிலையில்தான் நாம் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், ஆய்வில் பெயர் கொடுக்கிறோம். உச்சியில் இருந்த வலி அடுத்த சில வாரங்களில் தானாகவே கொஞ்சம் இறங்கும். அந்த நேரத்தில் எதைச் செய்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். இதோடு டாக்டர் நேரம் ஒதுக்கிப் பேசியது, தொட்டுப் பார்த்தது, நம்பிக்கை எல்லாம் சேர்கின்றன. மாத்திரையைவிட ஊசியில் இந்த வெற்றுப் பலன் அதிகம் என்பதையும் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கத்தியிலும் இது உண்டா என்று பார்க்க ஒருவருக்குத் துணிச்சல் வந்தது. இடம், ஹூஸ்டன் நகரில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை. முட்டிக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுத்தம் செய்யும் ஆர்த்ராஸ்கோபி அப்போது அங்கே கொடிகட்டிப் பறந்த சிகிச்சை. தகுதியானவர்கள் 324 பேர். 'உங்களுக்கு நடப்பது வெறும் பாவனை ஆபரேஷனாகவும் இருக்கலாம், அதனால் உங்கள் மூட்டுக்கு நன்மை இல்லை' என்று விளக்கி, அதை அவரவர் கையாலேயே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். 144 பேர் கும்பிடு போட்டுவிட்டு விலகினார்கள். மீதி 180 பேர் சம்மதித்தார்கள்.

யாருக்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. நோயாளி ஆபரேஷன் தியேட்டருக்குள் வந்த பிறகுதான் டாக்டர் உறையைப் பிரிப்பார். பாவனை என்று வந்தால், தூக்கம் வரவழைக்கும் மருந்து கொடுத்து, முட்டியில் ஒரு சென்டிமீட்டர் அளவில் மூன்று கீறல் மட்டும் போடுவார். பிறகு நாடகம். நிஜ ஆபரேஷனில் கேட்பதுபோலவே கருவிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவார். காலை மடக்கி நீட்டுவார். கழுவும் சத்தம் வர வேண்டுமே, அதற்காகச் சலைனைத் தெளிப்பார்கள். நிஜ ஆபரேஷனுக்கு ஆகும் நேரம் முழுவதும் உள்ளேயே வைத்திருந்து, ராத்திரி வார்டில் தங்க வைத்தார்கள். வார்டு நர்ஸ்களுக்கும் விஷயம் தெரியாது.

இரண்டு வருடம் பின்தொடர்ந்தார்கள். நிஜமாக முட்டி கழுவப்பட்டவர்களும் சுத்தம் செய்யப்பட்டவர்களும் பாவனைக்காரர்களைவிட எந்தக் கட்டத்திலும் நன்றாக இருக்கவில்லை. 2002-ல் முடிவு வெளிவந்தபோது எலும்பு மருத்துவர்கள் கொதித்தார்கள். நோயாளிகளைத் தேர்ந்தெடுத்த விதம் சரியில்லை, பெரும்பாலும் ஆண்கள் என்றார்கள். 2008-ல் கனடாவில் வேறு விதமாக, பாவனை இல்லாமல், ஆபரேஷனோடு பிசியோதெரபி, பிசியோதெரபி மட்டும் என்று பிரித்து 178 பேரிடம் பார்த்தார்கள். விடை மாறவில்லை. 2013-ல் பின்லாந்தில் 146 பேருக்கு, தேய்மானத்தால் ஜவ்வு கிழிந்ததற்குச் செய்யும் ஆபரேஷனையே பாவனையோடு மோதவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து அங்கும் சமம்தான்.

நம் கதை ஊசிகளுடையது. ஸ்டீராய்டு, மூட்டு வழவழப்புக்கென்று போடும் 'ஜெல் ஊசி', நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் போடும் பிஆர்பி, கடைசியாக ஸ்டெம் செல். மாவட்டத் தலைநகரங்களில்கூட இன்று 'ஆபரேஷன் வேண்டாம்' என்ற பேனருக்குக் கீழே இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கிறது.

பிஆர்பி-யை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் சோதித்தார்கள். ஐம்பது வயது தாண்டியவர்கள், தேய்மானம் லேசானது முதல் நடுத்தரம் வரை. எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். பாதிப் பேருக்கு அதிலிருந்து பிரித்த பிஆர்பி, பாதிப் பேருக்கு உப்புத் தண்ணீர் (அதே சலைன்தான்), வாரம் ஒன்றாக மூன்று ஊசி. ஒரு வருடத்தில், பத்துக்கு இத்தனை என்று அளக்கும் வலி, பிஆர்பி-யில் 2.1 புள்ளி குறைந்தது. உப்புத் தண்ணீரில் 1.8. குருத்தெலும்பின் அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கரைந்திருந்தது. 'குருத்தெலும்பை வளர்க்கும் ஊசி' என்று எங்காவது படித்திருந்தால், 2021-ல் வந்த இந்த முடிவையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

ஸ்டீராய்டு சில வாரம் நிம்மதி தரும், மறுக்கவில்லை. ஆனால், அமெரிக்காவில் 140 பேருக்கு 12 வாரத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்ததில், முடிவில் வலி உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு எப்படியோ அப்படித்தான். குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. உப்புத் தண்ணீரில் 0.10 மில்லிமீட்டர், ஸ்டீராய்டில் 0.21. ஸ்டெம் செல்லுக்கு 2023-ல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில் மூன்று வகை செல்களை அதே ஸ்டீராய்டு ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து எதுவும் ஸ்டீராய்டை ஜெயிக்கவில்லை. அந்த ஸ்டீராய்டின் லட்சணம் என்ன என்பதை இப்போதுதான் பார்த்தோம்.

என்னை உறுத்துவது இந்த ஊசிகள் தோற்றதல்ல. 'எங்களிடம் வந்தவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்குக் குணம்' என்று சொல்பவர் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான். நிஜமாகவே எழுபது பேர் சிரித்த முகத்தோடு போயிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் உப்புத் தண்ணீருக்கே சிரித்திருப்பார்கள் என்பது ஒப்பீட்டுக் குழு இல்லாமல் யாருக்கும் தெரியாது, டாக்டருக்கும் சேர்த்துத்தான். அவர் தன் கண்ணால் பார்த்ததை நம்புகிறார். நோயாளி தன் முட்டியை நம்புகிறார். நடுவில் சேமிப்பு கரைகிறது. நம் நாட்டில் 440 பேரை வைத்து நடந்து 2013-ல் வெளியான ஆயுர்வேத ஆய்வு ஒன்றைப் பெருமையாகக் காட்டுவார்கள். அதில் ஆயுர்வேத மருந்து குளுக்கோசமைனுக்கும் செலிகாக்சிப்புக்கும் சமம். வெற்று மாத்திரைக் குழு கிடையாது. குளுக்கோசமைனுக்குச் சமம் என்றால், எதற்குச் சமம்?

'வலி குறைந்தால் போதாதா, எப்படிக் குறைந்தால் என்ன?' என்று கேட்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். மூட்டுக்குள் போன சலைன் அங்கிருக்கும் அழற்சிப் பொருளை நீர்க்கச் செய்வதால் அதை வெற்று ஊசி என்றே சொல்லக் கூடாது என்பவர்களும் உண்டு. இருக்கலாம். அப்படியானால் பில்லும் உப்புத் தண்ணீர் விலைக்கே வரட்டும்.

டென்மார்க்கில் உப்புத் தண்ணீரை உப்புத் தண்ணீர் என்று சொல்லியே கொடுத்தும் பார்த்துவிட்டார்கள். 206 பேர். ஒரு பாதிக்கு எட்டு வாரம் உடற்பயிற்சி வகுப்பு. மறுபாதிக்கு நான்கு சலைன் ஊசி, மறைக்காமல், 'இது உப்புத் தண்ணீர்தான்' என்று தெரிந்தே. முடிவில் இரு பாதிக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. உடற்பயிற்சியைத் தூக்கிப் பிடிக்கும் எனக்கும் அதில் வருத்தம்தான். 2020-ல் வந்த இன்னோர் ஆய்வில் பிசியோதெரபி ஸ்டீராய்டு ஊசியை ஒரு வருடக் கணக்கில் நன்றாகவே முந்தியது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

வெற்று ஊசியைத் தெளிவாகத் தாண்டியது ஒன்று உண்டு, எடைக் குறைப்பு. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது என்று 2005-லேயே அளந்தார்கள். 2024-ல் செமாக்ளூடைடு எடைக்குறைப்பு ஊசியை, உடல் பருமனும் முட்டி வலியும் சேர்ந்த 407 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 68 வாரத்தில் எடை 13.7 சதவிகிதமும், நூற்றுக்கு 71 என்று இருந்த வலி 41.7 புள்ளியும் குறைந்தன. வெற்று ஊசிக் குழுவில், உணவு, நடை ஆலோசனையோடு, குறைந்தது 27.5 புள்ளி. ஜெயித்த மருந்தின் வெற்றியிலும் மூன்றில் இரண்டு பங்கை வெற்று ஊசிக் குழு தொட்டுவிட்டதைக் கவனியுங்கள்.

இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பொதுப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் முதல் கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வோர் ஆய்வுக்கும், எதைக் கொடுக்கிறார்கள், எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று தனிக் கட்டம் இருக்கும். அட்வான்ஸ் கட்டச் சொல்லும் ஊசியின் பெயரை அதில் தட்டிப் பாருங்கள். ஒப்பீடு என்ற கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தால், அட்வான்ஸைப் பையிலேயே வைத்துக்கொண்டு டாக்டரிடம் காரணம் கேட்கலாம்.