நீவி விடுங்கள், அமுக்க வேண்டாம்

ஆபரேஷன் முடிந்தவர்கள் படுத்திருக்கும் வார்டில் பகல் எப்படியோ ஓடிவிடும். டாக்டர் ரவுண்ட்ஸ், டிரஸ்ஸிங், ட்ரிப்ஸ் மாற்றுவது, ஹார்லிக்ஸும் பழமுமாகப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் என்று நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும். பார்வையாளர் நேரம் முடிந்து பாதி விளக்குகளை அணைத்த பிறகுதான் வலியின் முழு கனமும் தெரியும். தையல் போட்ட இடத்தோடு அது நிற்பதில்லை. மல்லாந்தே கிடந்த முதுகு, விறைத்துப்போன தோள், அசைக்கப் பயந்து வைத்த இடத்திலேயே வைத்திருந்த கை எல்லாம் சேர்ந்து படுத்தும். நாளைக்கு என்ன சொல்வார்களோ என்ற பயம் வேறு தூங்கவிடாது. பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் துணைக்கு உட்கார்ந்திருக்கும் மகளுக்கு மனசு கேட்காது. "காலைக் கொஞ்சம் பிடிச்சு விடட்டுமாப்பா?" என்பாள்.

அந்தக் கைக்கு அங்கே உண்மையிலேயே வேலை இருக்கிறது. எந்த இடத்தைத் தொடுவது, எவ்வளவு அழுத்துவது என்பதை மட்டும் அவளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான இரண்டு மருத்துவமனைகளில் 2003 முதல் 2005 வரை இதை முறையாகச் சோதித்துப் பார்த்தார்கள். மார்பையோ வயிற்றையோ திறந்து பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட 605 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு அத்துடன் தினமும் 20 நிமிடம் ஒருவர் துணையாக வந்து இருந்தார், மசாஜ் செய்யவில்லை. மூன்றாவது பிரிவினருக்கு மாலை வேளையில் 20 நிமிடம் முதுகில் இதமான மசாஜ், அதிகபட்சம் ஐந்து நாட்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது, மசாஜ் பெற்றவர்களுக்கு அது முடிந்த கையோடு வலியும் பதற்றமும் தணிந்தன. முதல் நான்கு நாட்களில் வலி இறங்கிய வேகமும் அவர்களுக்கே அதிகம். 2007-ல் இந்த முடிவு வெளியானது.

அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். வலி மருந்து வாங்கிக்கொண்ட அளவு குறையவில்லை. வீடு திரும்பிய நாளும் முந்தவில்லை. இதய ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் வேறொரு இடத்தில் நடந்த ஆய்வில் மசாஜால் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஆகவே "மசாஜ் செய்தால் புண் சீக்கிரம் ஆறும், மாத்திரை வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் அந்த ராத்திரியைக் கொஞ்சம் லேசாக்கத்தான் இது. வலியில் கிடப்பவருக்கு அந்தக் கொஞ்சமே பெரிய விஷயம்.

தொடுவதால் வலி ஏன் குறைகிறது? முழங்கால் இடித்துக்கொண்டால் உடனே தேய்த்துவிடுகிறோம் அல்லவா, அதற்கு 1965-ல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்ற இருவர் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்புகள், வலிச் செய்திகளைத் தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்துகின்றன என்றார்கள். பிற்பாடு இன்னொன்றும் தெரியவந்தது. நம் தோலில், குறிப்பாக ரோமம் உள்ள தோலில், மெதுவான வருடலுக்கென்றே சில மெல்லிய நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வரையிலான வேகத்தில், வெதுவெதுப்பான கையால் வருடும்போது இவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. முழங்கையில் தொடங்கிய உள்ளங்கை மணிக்கட்டுக்கு வந்துசேர ஐந்தாறு விநாடி ஆக வேண்டும். செய்து பாருங்கள், நாம் நினைப்பதைவிட அது எவ்வளவு நிதானம் என்று தெரியும். அழுத்தமோ, முகத்துக்கு க்ரீம் தடவும் அளவு போதும்.

இனி, இந்தக் கட்டுரையை எழுதியதற்கே காரணமான விஷயம். நம் வீடுகளில் கால் பிடிப்பது என்றால் கெண்டைக்காலைத்தான் முதலில் பிடிப்போம். ஆபரேஷன் ஆனவரிடம் செய்யக் கூடாததும் அதுதான். நாள் கணக்கில் படுத்தே இருப்பவருக்குக் கெண்டைக்காலின் ஆழத்தில் உள்ள ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியாக வாய்ப்பு உண்டு. இடுப்பு, முழங்கால் ஆபரேஷன் செய்தவர்களுக்கு அந்த அபாயம் இன்னும் கூடுதல். வீட்டுக்குப் போன பிறகும் சில வாரங்களுக்கு அது தொடர்கிறது. அமுக்கிப் பிசையும்போது அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரல் வரை போய் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது, சுடுகிறது, சிவந்திருக்கிறது, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து வலிக்கிறது என்றால் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்று எண்ணெய் போட்டு உருவக் கூடாது. அந்தக் காலைத் தொடாமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். திடீரென்று மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

பைபாஸ் ஆனவர்களுக்குப் பெரும்பாலும் காலிலிருந்துதான் ரத்தக்குழாயை எடுத்திருப்பார்கள். அங்கேயும் ஒரு தையல் இருக்கும். நெஞ்செலும்பு கூடுவதற்கே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் அவர்களைக் குப்புறப் படுக்கவைப்பது என்ற பேச்சே இல்லை. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் உள்ள நிணநீர்க் கட்டிகளை எடுத்தவர்களுக்கு, அந்தப் பக்கத்துக் கையை டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. படுத்தே இருக்கும் வயதானவர்களுக்கு இடுப்பின் பின்புறமோ குதிகாலோ சிவந்திருந்தால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கமாக இருக்கலாம். அங்கே தேய்த்தால் உள்ளே சதை இன்னும் சிதையும். புரட்டிப் படுக்கவைத்து, நர்ஸிடம் காட்டுவதுதான் வழி.

சிசேரியனை நம்மில் பலர் ஆபரேஷன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அடுக்கடுக்காக அறுத்துத் தைத்த வயிறு அது. சுகப்பிரசவத்துக்குச் செய்ததையே இதற்கும் செய்து, வயிற்றை உருவுவதும், கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஓங்கி அடித்து ஊற்றுவதும் வேண்டாமே. அந்தப் பெண்ணின் கையையும் பாதத்தையும் நீவி விடலாம். சிசேரியன் ஆனவர்களுக்குக் கையிலும் பாதத்திலும் மட்டும் மசாஜ் செய்து, வலி குறைவதை ஈரானில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக் கொடுத்துக் கடுக்கும் தோளையும் மெல்ல நீவினால் இதமாக இருக்கும். எல்லோரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், இருபது நிமிடம் தாயை ஒருவர் கவனிக்கிறார் என்பதே அவளுக்குத் தெம்பு.

சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று மசாஜுக்கென்றே ஒரு முறை உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது வகை சொல்வார்கள். அதற்கு உரிய காலமும் உரிய கையும் வேண்டும். தையல் ஆறாத உடம்பில் இறுக்கலையும் முறுக்கலையும் யாரும் முயல வேண்டாம்.

வீட்டு மனிதர்கள் செய்யக்கூடியது எளிது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மோதிரம், வளையலைக் கழற்றி வையுங்கள். வலி மாத்திரை கொடுத்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். ட்ரிப்ஸ் ஊசி குத்தியிருக்கும் கையை விட்டுவிட்டு மற்றக் கையில் தொடங்குங்கள். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும். அது தையல் பக்கமே போகக் கூடாது. விரல் ஒவ்வொன்றாக, பிறகு உள்ளங்கை, பிறகு முழங்கை வரை. அடுத்து பாதம், கணுக்காலோடு நின்றுவிடுங்கள். ஒருக்களித்துப் படுக்க டாக்டர் அனுமதித்திருந்தால், தையல் அங்கே இல்லாத பட்சத்தில், முதுகிலும் தோளிலும் உள்ளங்கையை வைத்து மெல்ல நீவலாம். முகத்தைப் பார்த்தபடி செய்யுங்கள். நெற்றி சுருங்கினால் நிறுத்துங்கள். காய்ச்சல் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். போதும் என்று அவர் சொன்னால் ஐந்து நிமிடத்திலும் முடித்துவிடலாம்.

நர்ஸிங் படிப்பில் முதுகைப் பராமரிப்பது ஒரு பாடமாகவே இருக்கிறது. ஆனால் இத்தனை கட்டில்களுக்கு ஒரு நர்ஸ் என்று இருக்கும் வார்டில் யாருடைய முதுகுக்கு 20 நிமிடம் ஒதுக்க முடியும்? நம் ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்கு ஒரு துணை ஆள் இருக்கிறார். டிஸ்சார்ஜ் அன்று மாத்திரைச் சீட்டை விளக்குவதுபோல, ஆபரேஷனுக்கு மறுநாளே பிசியோதெரபிஸ்ட் பத்து நிமிடம் ஒதுக்கி, எங்கே தொடலாம், எங்கே கூடாது என்று அந்தத் துணை ஆளுக்குச் செய்தே காட்டலாம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருகிறது. அப்படி வருபவர்களும் வீட்டாருக்கு இதைக் கற்றுக்கொடுக்க முடியும்.

இப்போது யாருக்காவது துணையாக ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள் என்றால், நாளைக் காலை ரவுண்ட்ஸில் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "இவங்களுக்குக் கை, பாதம் நீவி விடலாமா டாக்டர்? எந்தப் பக்கம் தொடக் கூடாது? ரத்தம் உறையாம இருக்க மருந்து கொடுக்கிறீங்களா?" பதில் கிடைத்த பிறகு, அன்று சாயங்காலமே தொடங்குங்கள்.