சர்க்கரையை அவிழ்க்கும் கரும்பூஞ்சை

வெங்காயத்தை உரிக்கும்போது தோலுக்கடியில் கரிப்பொடி தூவியதுபோல் ஒரு கறுப்பு படிந்திருக்கும். பெரும்பாலும் அது ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்னும் பூஞ்சை. கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். உலகில் விற்பனையாகும் சிட்ரிக் அமிலத்தில் பெரும்பகுதி இந்த இனப் பூஞ்சை தொழிற்சாலைத் தொட்டிகளில் தருவதுதான். தாவர வேதியியல் ஆய்வகங்களுக்கு அது தரும் இன்னொரு கொடை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஃபிளேவனாய்டுகள் என்ற தாவரச் சேர்மங்களோடு பிணைந்திருக்கும் சர்க்கரையைக் கழற்றும் நொதிகள்தான் அந்தக் கொடை.

பம்பளிமாஸின் கசப்புக்கு முக்கியக் காரணம் நரிஞ்சின். நரிஞ்செனின் என்ற ஃபிளேவனாய்டோடு முதலில் ஒரு குளுக்கோஸும், அதன்மேல் ஒரு ராம்னோஸும் சேர்ந்தால் நரிஞ்சின். கிரேப்ஃபுரூட்டில் இதே நரிஞ்செனினும் இதே இரண்டு சர்க்கரைகளும் கொண்ட நரிருட்டின் என்ற இன்னொரு பொருளும் உண்டு. அது கசப்பதில்லை. ராம்னோஸ், குளுக்கோஸின் இரண்டாம் கார்பனைப் பிடித்திருந்தால் கசப்பு, ஆறாம் கார்பனைப் பிடித்திருந்தால் சுவையே இல்லை. அமெரிக்காவின் பசடீனாவில் அரசு வேளாண் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹோரோவிட்சும் ஜென்டிலியும் 1960-களில் இதைத் தெளிவுபடுத்தினார்கள். எந்தச் சர்க்கரை இருக்கிறது என்பதோடு அது எங்கே பிடித்திருக்கிறது என்பதையும் வேதியியலாளர் அறிந்தாக வேண்டும்.

இங்கேதான் பூஞ்சை உதவுகிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர், பெனிசிலியம் டெகும்பென்ஸ் போன்றவற்றிலிருந்து எடுக்கப்படும் நரிஞ்சினேஸ் என்னும் நொதித் தயாரிப்பு இரண்டு வெட்டுகளைப் போடுகிறது. முதல் வெட்டில் ராம்னோஸ் கழன்று புரூனின் மிஞ்சும். அதன் கசப்பு நரிஞ்சினின் கசப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இரண்டாம் வெட்டில் குளுக்கோஸும் போய், கசப்பற்ற நரிஞ்செனின் மட்டும் நிற்கும். ஒரே பெயரில் விற்றாலும் புட்டிக்குள் இருப்பவை ஆல்ஃபா ராம்னோசிடேஸ், பீட்டா குளுக்கோசிடேஸ் என்ற இரண்டு நொதிகள். இதை மறந்தால் ஆய்வு தடம் மாறிவிடும். புரூனின் மட்டும் வேண்டுமென்பவர், குளுக்கோசிடேஸை மட்டும் செயலிழக்கச் செய்யும் வெப்பத்தையும் அமிலநிலையையும் தேடிப் பிடிக்க வேண்டும்.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் காய்ச்சினாலும் சர்க்கரை கழலும். பழைய முறை, செலவும் குறைவு. ஆனால் அமிலத்துக்கு நிதானம் கிடையாது. எல்லாச் சர்க்கரைகளையும் அடித்துத் தள்ளும், பாதியில் நிறுத்துவது கடினம், மென்மையான ஃபிளேவனாய்டுகளையும் சிதைத்துவிடும். நொதியோ லேசான அமிலத்தன்மையில், கை பொறுக்கும் சூட்டிலேயே தன் பிணைப்பை மட்டும் தேடி வெட்டும். அறிமுகமில்லாத ஒரு சேர்மத்தில் ராம்னோசிடேஸ் ஒரு ராம்னோஸைக் கழற்றினால், அந்தச் சர்க்கரை ஆல்ஃபா பிணைப்பில் வெளிமுனையில் இருந்தது என்பதற்கு அதுவே நல்ல சான்று. கட்டமைப்பை அறிய இதைவிடக் கண்ணியமான கருவி எனக்குத் தெரிந்து குறைவு.

இத்தகைய நொதிகளின் பயன் ஆய்வகத்தோடு முடிவதில்லை. ஜப்பானில் டப்பாக்களில் அடைக்கும் மாண்டரின் ஆரஞ்சுச் சுளைப் பாகில் ஹெஸ்பெரிடின் என்ற, சர்க்கரை பிணைந்த ஃபிளேவனாய்டு வெள்ளையாகப் படிந்து கலங்கலாக்கும். அதைத் தடுக்கச் சேர்ப்பதும் பூஞ்சை தரும் ஹெஸ்பெரிடினேஸ் நொதிதான்.

பூஞ்சைக்கு இந்தத் திறமை எதற்கு? பசிக்கு. உதிர்ந்த இலையிலும் அழுகும் பழத்திலும் வாழும் அதற்கு, பூட்டிய சர்க்கரையும் உணவுதான். எளிய குளுக்கோஸைத் தாராளமாகக் கொடுத்தால் பல பூஞ்சைகள் இந்த நொதிகளைச் செய்ய முனைவதில்லை. நரிஞ்சினோ ராம்னோஸோ கொடுத்தால்தான் சுரக்கும். நொதி தயாரிப்பவர்கள் வளர்ப்பு ஊடகத்தில் நரிஞ்சினைக் கலப்பது இதனால்தான். குவெர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டோடு குளுக்கோஸும் ராம்னோஸும் சேர்ந்தது ரூட்டின். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சைக்கு அதை உணவாகக் கொடுத்துப் பார்த்த கனடா ஆய்வாளர்கள் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். பூஞ்சை சர்க்கரைகளைக் கழற்றியதோடு நிற்கவில்லை. மிஞ்சிய குவெர்செட்டினின் வளையத்தையும் உடைத்து, கார்பன் மோனாக்சைடை வெளியிட்டது. சுத்திகரிக்காத பூஞ்சைச் சாற்றை நம்பி அளவெடுப்பவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை. சர்க்கரையோடு சரக்கும் போய்விடக்கூடும்.

உடலுக்கும் சர்க்கரைப் பிணைப்பு முக்கியம். 1995-ல் நெதர்லாந்தில் ஹோல்மன் குழு வெளியிட்ட ஆய்வில், வெங்காயத்திலுள்ள குளுக்கோஸ் பிணைந்த குவெர்செட்டினில் 52 சதவீதம் உறிஞ்சப்பட்டது. ரூட்டினில் 17 சதவீதம்தான். பெருங்குடல் நீக்கப்பட்ட தன்னார்வலர்களிடம் அளந்த கணக்கு இது. ரூட்டினிலிருந்து ராம்னோஸை மட்டும் பூஞ்சை நொதியால் கழற்றி, குளுக்கோஸ் மட்டும் பிணைந்த ஐசோகுவெர்சிட்ரின் தயாரிப்பதில் பலர் முனைப்பாக இருப்பதன் பின்னணி இதுதான்.

ஆகவே சத்து மாத்திரை வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரூட்டினின் மூலக்கூறு எடை 610, குவெர்செட்டினின் எடை 302. 500 மில்லிகிராம் ரூட்டினில் குவெர்செட்டின் 250 மில்லிகிராமைக்கூடத் தொடாது. லேபிளில் உள்ள எண் சர்க்கரையோடு சேர்த்தா, கழித்தா என்று பார்த்து வாங்குங்கள். எழுதியிருக்காவிட்டால் நிறுவனத்திடம் கேளுங்கள்.