கார்த்திகைப்பூவும் அதன் இயல்பும்

கார்த்திகைத் திங்களில் தீவகத்து வேலியோரங்களையும் பற்றைகளையும் அணிசெய்யும் மலர்களுள் தலைசிறந்தது கார்த்திகைப்பூ ஆகும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிக் கூறும் மலர்களுள் முதலிடம் பெற்ற செங்காந்தளும் இதுவே. இலின்னேயசு என்னும் அறிஞர் 1753ஆம் ஆண்டில் இதற்குக் குளோரியோசா சுப்பெர்பா எனப் பெயரிட்டார். தமிழ்நாட்டின் மாநில மலராக விளங்குவதும் இதுவே.

மலை நிலத்துக்குரியதாகப் பாடப்பட்ட இக்கொடி, கடல் சூழ்ந்த மண்கும்பான் போன்ற மணற்பாங்கான நிலத்திலும் வாழவல்லது. அஃது எங்ஙனம்? இதன் உயிர்நிலை நிலத்தடிக் கிழங்கிலே உள்ளது. கலப்பை போல் இரு கவராக வளரும் இக்கிழங்கு, கோடையில் கொடி மடிந்த பின்னரும் உறங்கிக் கிடக்கும். வடகீழ்ப் பருவமழை பெய்ததும் கவரின் நுனியிலுள்ள அரும்பு முளைக்கும். பழைய கிழங்கு தன் உணவை ஈந்து சுருங்க, புதுக்கிழங்கு தோன்றும். நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடுமாதலின், நீரை விரைவில் வடியவிடும் மணல் இதற்கு ஏற்றதாகின்றது.

தண்டு மெலியதாயினும் இலைகளின் நுனி தந்துக்களாகச் சுருண்டு அயற்செடிகளைப் பற்றிக்கொள்ளும். பூவிதழ்கள் ஆறு, அவை நெளிந்த விளிம்புடன் பின்னோக்கி வளைந்து நிற்கும். முதலிற் பசுமையாகவும், பின்னர் அடியில் மஞ்சளும் நுனியிற் சிவப்பும் இடையிற் செம்மஞ்சளுமாகவும் தோன்றி, ஈற்றில் முழுதும் சிவக்கும். தம்பம் அடியிலேயே ஒருபுறம் மடங்கி நிற்பதால், தேன் நாடி வரும் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் மகரந்தத்தைக் குறியிற் சேர்க்கின்றன.

இவ்வழகினுள் நஞ்சும் உறைகின்றது. செடி முழுவதிலும், சிறப்பாகக் கிழங்கிலும் விதையிலும், கொல்ச்சிசீன் என்னும் நச்சுப்பொருள் உண்டு. அது கலப்பிரிவைத் தடுப்பது. அளவறிந்த மருத்துவர் கையில் அது கீல்வாதத்தைத் தணிக்கும். இதன் விதைக்காகவே தமிழ்நாட்டில் இக்கொடி பயிரிடப்படுகின்றது. ஆயின், கிழங்கை வற்றாளையென மயங்கி உண்டு இலங்கையில் உயிரிழந்தோரும் உளர். அவித்தாலும் நஞ்சு நீங்காது. உண்டவர்க்குச் சில மணி நேரத்தின் பின்னரே வாந்தியும் பேதியும் தோன்றுமாதலின், குறிதோன்றுமுன்பே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

அஞ்சி இக்கொடியை வேரறுத்தல் வேண்டுமோ? வேண்டா. மணலை அகழ்ந்து செல்லுமிடத்து, கிழங்கும் அதனொடு போகும். மழைநீரைத் தேக்கிக் கிணறுகளுக்கு ஊட்டும் நிலமும் போகும். ஆதலின் மாணவர் இம்மலரை இனங்கண்டு, சிறாருக்கு அதன் நஞ்சை உணர்த்தி, அது நிற்கும் மணலையும் பேணுதல் கடனாகும்.