மணி அடித்ததும் கணிப்பொறி என்ன செய்யும்?

நண்பகலில் மூவேளைச் செப மணி அடித்ததும், எழுதிக்கொண்டிருக்கும் கணக்கைப் பாதியில் விட்டு எழுந்து நிற்கிறோம். செபம் முடிந்ததும் விட்ட வரியிலிருந்து தொடர்கிறோம். கணிப்பொறிக்கும் இப்படி ஒரு மணி உண்டு. அதற்குக் 'குறுக்கீடு' என்று பெயர். விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினாலே மணி ஒலிக்கும். செயலி கைவேலையை வைத்துவிட்டு, வந்த வேலையைக் கவனித்துத் திரும்பும். இதையெல்லாம் மேற்பார்க்கும் தலைமை நிரலே 'கெர்னல்'.

நாம் திரும்பி வருவதற்குள் யாராவது கரும்பலகையை அழித்துவிட்டால்? அந்தத் தொல்லை கணிப்பொறிக்கும் உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நம் திருப்பூரில் நிட்டிங் மெஷின் சத்தம் கேட்காத தெரு குறைவு. நூல் அறுந்தால் விளக்கு எரிந்து மெஷின் நிற்கும். நிற்காவிட்டால் துணியில் ஓட்டை விழும். நின்ற பிறகுதான் ஆள் கையை உள்ளே விட்டு நூலைக் கோர்க்கிறார். அந்தக் கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டாருக்கும் விளக்குக்கும் செயலி ஆணையிடுவது 'பதிவகம்' என்னும் சிறு கட்டத்தின் வழியாக. நோட்டுப் புத்தகத்தில் எழுதிய எண் சும்மா கிடக்கும். பதிவகத்தில் எழுதினாலோ அக்கணமே மோட்டார் சுழலும். ஓர் உதாரணம் அமைத்துப் பார்ப்போம். மோட்டாருக்கு 1, விளக்குக்கு 4 என்று வைப்போம். மெஷின் ஓடுகிறது, பதிவகத்தில் 1 இருக்கிறது. விளக்கையும் ஏற்ற நினைத்த நிரல், 1 என்று படித்து, 4-ஐக் கூட்டி 5 என்று மனத்தில் வைத்திருக்கிறது. இன்னும் எழுதவில்லை. அந்நேரம் நூல் அறுகிறது! மணி! குறுக்கீட்டு நிரல் ஓடிவந்து மோட்டாரை நிறுத்தி 0 ஆக்கிவிட்டுப் போகிறது. பழைய நிரலுக்கு இது தெரியாது. தான் வைத்திருந்த 5-ஐ எழுதிவிடுகிறது. மோட்டார் மறுபடி சுழல்கிறது. ஆளின் கை உள்ளே இருக்கிறது.

இரண்டு நிரலிலும் தனித்தனியே தவறில்லை என்பதுதான் எனக்கு வியப்பாக இருந்தது.

பரிகாரம் என்ன? படித்து, மாற்றி, எழுதி முடிக்கும் வரை மணியை அடக்கி வைப்பதே. சென்னை ஐ.ஐ.டி.யில் 2014-இல் தொடங்கிய 'சக்தி' திட்டத்தின் செயலிகள் ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியைப் பின்பற்றுகின்றன. அதில் ஒரே கட்டளை, பழைய நிலையைப் படித்துக்கொண்டு, குறுக்கீட்டு அனுமதியையும் நீக்கிவிடும். வேலை முடிந்ததும் பழைய நிலையையே திரும்ப வைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அனுமதித்துவிடக் கூடாது. நம்மை அழைத்தவரே முன்பே மணியை அடக்கி வைத்திருக்கலாம் அல்லவா? அடங்கிய மணி பெரும்பாலும் தொலைவதில்லை, காத்திருந்து ஒலிக்கும். ஆனால் காக்க வைக்கும் நேரம் மிகக் குறுகியதாக இருக்க வேண்டும். சில சில்லுகளில் ஏற்றுவதற்கு ஒன்று, இறக்குவதற்கு ஒன்று என்று தனித்தனிப் பதிவகங்களே உண்டு. அங்கே இந்தச் சிக்கலே எழாது.

செயலி இரண்டு இருந்தால் மணியை அடக்குவது மட்டும் போதாது, பூட்டும் வேண்டும். மணியை அடக்காமல் பூட்டினாலோ வேடிக்கை! பூட்டியவனையே இடைமறித்து வந்த குறுக்கீட்டு நிரல், அதே பூட்டு திறக்கக் காத்து நிற்கும். அது போனால்தான் இவன் திறப்பான். இவன் திறந்தால்தான் அது போகும். ஆகவே லினக்ஸ் கெர்னலில் இரண்டையும் சேர்த்தே செய்யும் ஏற்பாடு இருக்கிறது.

வேறொரு விந்தை: சில பதிவகங்களைப் படித்தாலே உள்ளிருப்பது அழிந்துவிடும். சும்மா எட்டிப் பார்ப்பதும் அங்கே குற்றம்.

இவை ஏட்டுச் சுரைக்காய் அல்ல. தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியில், 1985 முதல் 1987 வரை, ஆறு நோயாளிகள் அளவுமீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தனர். நிரல்கள் ஒன்றையொன்று முந்திய பிழையும் அதற்கு ஒரு காரணம். முந்திய கருவிகளில் இருந்த கம்பிவழிப் பாதுகாப்புத் தடைகளை அதில் நீக்கி, நிரலையே நம்பியிருந்தார்கள். ஆபத்து நேரத்தில் மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் கம்பிவழியே நேராக மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டிக்குமாறு அமைப்பது வழக்கம். அது கெர்னலைக் கேட்பதில்லை.