ஈத்தூண்டில் மீன்பிடிப்பும் சாரணச் சிறுவர் பயிற்சியும்

ஈத்தூண்டில் என்பது பூச்சியைப் போலக் கட்டப்பட்ட, எடையே இல்லாத செயற்கை இரையை நீர்ப்பரப்பில் இறக்கி மீன் பிடிக்கும் முறையாகும். ஃபிளை ஃபிஷிங் என்ற பெயரில் உலகெங்கும் அறியப்படுகிறது. நம் ஊர்க் குளக்கரைத் தூண்டிலில் ஈயக்குண்டும் மண்புழுவும் தம் எடையால் தங்கூசி நரம்பை இழுத்துக்கொண்டு போய் விழுகின்றன. ஈத்தூண்டிலின் முனையில் இருப்பதோ இறகும் நூலும்தான். அதை எவ்வளவு வேகமாக வீசினாலும் நாலு முழம் போகாது. ஆகவே எறிநூலையே கனமாகச் செய்து, அந்த நூலை எறிகிறார்கள். ஈ அதன் பின்னால் போகிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்ட சிறுவன் பாதி கற்றுவிட்டான் எனலாம்.

வரலாறு

கி.பி. 200 அளவில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனிய மக்கள் தூண்டில் முள்ளில் செந்நிறக் கம்பளியைச் சுற்றிச் சேவலின் இறகைக் கட்டி மீன் பிடித்ததைக் குறித்துள்ளார்.

தமிழ்நாட்டில் இக்கலைக்கு இடம் நீலகிரி. குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் டிரவுட் மீனை இங்கு கொண்டுவர 1860களில் மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே முயன்றார், முட்டைகள் பிழைக்கவில்லை. 1907இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்தார். இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து வந்த வானவில் டிரவுட் இனமே கடைசியில் நிலைத்தது. ஆகவே நீலகிரி ஓடைகளில் இன்றுள்ள டிரவுட் நம் மண்ணின் மீன் அன்று, வந்து குடியேறிய மீன்.

சாரணர் இயக்கத்தில் மீன்பிடிப்பு

பேடன் பவல் பிரவுன்சீ தீவில் முதல் சோதனை முகாமை நடத்தியதும் அதே 1907இல்தான். அவர் ஈத்தூண்டிலில் மிகுந்த ஈடுபாடு உடையவர். அமெரிக்கச் சாரணர் இயக்கம் 1911இல் வெளியிட்ட முதல் தகுதிச் சின்னங்களிலேயே தூண்டில் மீன்பிடிப்பு இடம்பெற்றது. ஈத்தூண்டிலுக்குத் தனிச் சின்னம் பின்னர் வந்தது. அதைப் பெறச் சிறுவன் எறியத் தெரிந்திருக்க வேண்டும், முடிச்சுகள் போட வேண்டும், தன் கையால் ஈ கட்ட வேண்டும், உடலில் முள் தைத்தால் செய்ய வேண்டிய முதலுதவியும் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை மீன் பிடித்தான் என்பது பெரிய கணக்கில்லை. ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய பாடத்திட்டம் இது என்பது என் கருத்து.

எறியும் முறை

தொடக்கத்துக்கு ஏற்றது 9 அடி நீளமுள்ள, 5ஆம் எண் கோல். எண் என்பது நூலின் எடையைக் குறிக்கும். 5ஆம் எண் நூலின் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும். அந்த எடை பின்னால் நீண்டு கோலை வளைக்கிறது. வளைந்த கோல் நிமிரும்போது நூலை முன்னே தள்ளுகிறது. கவண் வேலை செய்வதும் ஏறக்குறைய இப்படித்தான்.

சிறுவனின் வலப்பக்கத்தில் ஒரு பெரிய கடிகாரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தலைக்கு மேலே 12, முன்னே 10, பின்னே 2. கோல் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையிலேயே போய்வர வேண்டும். இரு முனைகளிலும் சட்டென்று நிற்க வேண்டும். நிற்காமல் வீசினால் நூல் விரிந்து காலடியில் குவியும்.

பின்னே நிறுத்தியதும் ஒரு கணம் காத்திருக்க வேண்டும். சிறுவர்களுக்கு மிகக் கடினமான பகுதி இதுதான். நூல் முதுகுக்குப் பின்னே வளையமாக உருண்டு, நேராக நீண்ட பிறகே முன்னே எறிய வேண்டும். அவசரப்பட்டால் சாட்டை சொடுக்கும் சத்தம் கேட்கும். ஈ அறுந்து போயிருக்கும். முதல் சில நாள்களுக்குத் தலையைத் திருப்பி நூலைப் பார்த்துக்கொண்டே எறிவதில் தவறில்லை. மணிக்கட்டு மடங்கினால் கோல் 2 மணியைத் தாண்டிவிடும். சாரணரின் கழுத்துத் துணியால் கோலின் அடியை முன்கையோடு சேர்த்துக் கட்டிவிட்டால் அது மடங்காது. முழங்கைக்கும் விலாவுக்கும் இடையில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொள்வது பழைய ஆசிரியர்கள் சொன்ன வழி.

இவற்றுக்குத் தண்ணீர் தேவையில்லை. பள்ளி விளையாட்டுத் திடல் போதும். முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளித் துண்டைக் கட்டி, 10 மீட்டர் தள்ளிக் கிடக்கும் பழைய சைக்கிள் டயருக்குள் விழவைக்கப் பழகலாம். கோல் இல்லாத பள்ளியில் வளையக்கூடிய மெல்லிய மூங்கில் நுனியில் முறுக்கிய தடித்த கம்பளி நூலைக் கட்டியும் கை பழக்கலாம். தினம் பத்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் தொடர்ந்து எறிந்தால் கை சோர்ந்து தவறான பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

முடிச்சுகள்

சாரணர் தொடக்கப் பயிற்சியில் வரும் மீனவர் முடிச்சு, ஒரே தடிமனுள்ள இரு கயிறுகளை இணைப்பது. நரம்பை முள்ளில் கட்டுவதற்கு வேறு முடிச்சு வேண்டும்: நரம்பை முள்ளின் கண்ணுக்குள் நுழைத்து, தன்மீதே ஐந்து சுற்றுச் சுற்றி, நுனியைக் கண்ணருகே உள்ள வளையத்துக்குள் விட்டு இறுக்க வேண்டும். இறுக்கும் முன் எச்சிலால் நனைப்பது அவசியம். உலர்ந்த நரம்பு உராய்வில் சூடாகி வலுவிழக்கும்.

ஈ கட்டுதல்

முள்ளை ஒரு பிடியில் பொருத்தி, நூலால் சுற்றி, சேவலின் கழுத்து இறகை வளைத்துக் கட்டினால் பூச்சியின் கால்கள் போல் நிற்கும். உடற்பகுதிக்கு மயில் தோகையின் இழை. இரண்டும் நம் ஊரில் காசு கொடுக்காமல் கிடைப்பவை. தானாக உதிர்ந்த தோகையை மட்டுமே எடுக்க வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் வாழும் சாம்பல் காட்டுச்சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகு பூசியது போன்ற வெண்மையும் மஞ்சளும் கலந்த புள்ளிகள் உண்டு. இங்கிலாந்தின் சால்மன் ஈக்களுக்கு அதுவே மிக விரும்பப்பட்ட அலங்காரம். அதற்காகத் தென்னிந்தியக் காடுகளிலிருந்து ஏராளமான தோல்கள் கப்பலேறின. பிற்பாடு ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அப்பறவையை வேட்டையாடுவது குற்றம். மலையடிவாரச் சிறுவனிடம் யாராவது அந்த இறகைக் கேட்டால் மறுக்க வேண்டும். வீட்டுச் சேவலின் இறகுக்கு எந்த மீனும் குறை சொல்வதில்லை.

சிவகிரி வட்டாரத்தில்

சிவகிரி, சங்கரன்கோவில் பகுதிக் குளங்களில் டிரவுட் வாழாது, நீர் வெதுவெதுப்பானது. ஆனால் கவனிக்கப் பழகுவதற்கு இந்தக் குளங்கள் நல்ல இடம். மழைக்கு மறுநாள் ஈசல் பறந்து நீரில் விழும்போது கெண்டைகள் மேலே வந்து வட்டமிடும். தவளையைத் துரத்திப் பாயும் விராலையும் காணலாம். எந்த மீன் எந்த வேளையில் எந்தப் பூச்சியைத் தின்கிறது என்று சிறுவன் நோட்டில் எழுதி வந்தால், எந்த ஈயைக் கட்ட வேண்டும் என்பது அவனுக்கே தெரிந்துவிடும்.

குளத்தில் எறியும் முன் மீன்பாசி குத்தகைதாரரிடம் கேட்க வேண்டும். மேற்கே உள்ள மலை ஓடைகள் வனத்துறையின் காட்டுக்குள் இருப்பவை. அனுமதியின்றி அங்கே போகக் கூடாது. நீலகிரியில் டிரவுட் பிடிக்க மீன்வளத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும்.

பாதுகாப்பு

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிய குளத்தில் கரைமண் தள்ளப்பட்ட குழிகள் கண்ணுக்குத் தெரியா. நீச்சல் தெரியாத சிறுவனைக் கரையிலும் தனியே விடக் கூடாது. இருவர் இருவராகவே நிற்க வேண்டும்; ஒருவருக்கொருவர் கோலின் இரு மடங்கு தூரத்துக்கு மேல் இடைவெளி இருக்க வேண்டும். பின்னே யாரும் இல்லையா என்று ஒவ்வொரு முறையும் பார்த்த பிறகே எறிய வேண்டும். தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம்.

முள்ளின் முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு பிசிறைக் குறடால் நசுக்கிவிட்டால், மீனும் காயமின்றி விடுபடும், விரலில் தைத்தாலும் எளிதில் வரும். வந்த வழியே எடுத்து, சோப்பு நீரில் கழுவி, தடுப்பூசிக்கு மருத்துவரைக் காண வேண்டும். கண்ணிலோ கண்ணருகிலோ தைத்தால் முள்ளைத் தொடாமல், நரம்பை மட்டும் வெட்டிவிட்டு, அசையாதபடி மூடி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.