ஏலத்தில் வென்றவர் ஏன் நட்டப்படுகிறார்?

சில வருடங்களுக்கு முன் ஓர் ஏலத்தில் துணிச் சரக்கொன்றை எடுத்தேன். பதினொரு பேர் விலை கேட்டோம், எனக்கே விழுந்தது. மூட்டைகளை அவிழ்த்தால் கொடுத்த விலையில் பாதிகூடத் தேறாது. ஏலக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பல நாள் ஏசித் திரிந்தேன். பாவம், அவரில் பிழையில்லை.

1983இல் அமெரிக்க ஆய்வாளர்களான பேஸர்மன், சாமுவெல்சன் இருவரும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். பொஸ்டன் பல்கலைக்கழக வகுப்புகளில் சில்லறைக் காசு போன்றவை நிரப்பிய போத்தல்களை ஏலம் விட்டார்கள். ஒவ்வொன்றின் பெறுமதியும் 8 டொலர். மாணவர்களின் மதிப்பீடு சராசரியாக 5 டொலர் 13 சதம்தான். ஆனால் வென்றவர்கள் கொடுத்ததோ சராசரியாக 10 டொலர் 1 சதம்!

கூட்டம் குறைத்தே மதித்திருக்கிறது, வென்றவர் மட்டும் நட்டப்பட்டிருக்கிறார். காரணம் இதுதான்: சரியாக மதித்தவருக்கு ஏலம் விழுவதில்லை, எல்லோரையும் விடக் கூட்டி மதித்தவருக்கே விழுகிறது. ஆட்கள் கூடக் கூட, அந்த உச்ச விலை உண்மைப் பெறுமதியைத் தாண்டும் வாய்ப்பும் கூடும். ஆகவே கூட்டத்தைக் கண்டால் கையை இழுக்க வேண்டும். நானோ, இத்தனை பேர் வந்திருக்கிறார்களே, நல்ல சரக்காகத்தான் இருக்கும் என்று ஏற்றிக் கேட்டேன். மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் தோண்ட உரிமை கேட்ட பெரிய கம்பனிகளும் இப்படி மாட்டிக்கொண்டதை அத்துறைப் பொறியியலாளர்கள் மூவர் 1971இல் எழுதினார்கள். 'வென்றவரின் சாபம்' என்று இதற்குப் பெயர்.

இதை உங்கள் கடையிலேயே பார்க்கலாம். ஒரு போத்தலில் புளியங்கொட்டையை எண்ணிப் போடுங்கள். கொட்டை ஒன்று ஒரு ரூபா என்று வைத்து, போத்தலை என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று ஒவ்வொருவரும் இரகசியமாக எழுதட்டும். எட்டுப் பத்துப் பேராவது வேண்டும். காசு மட்டும் வைக்காதீர்கள், வைத்தால் சூதாகிவிடும்.

எங்கள் கடையில் ஒன்பது பேர் எழுதினோம். போத்தலில் இருந்தது 640. துண்டுகளை வரிசையாக அடுக்கினால் நடுவில் 580, உச்சியில் 900. அந்தத் தொள்ளாயிரம் என்னுடைய எழுத்து!

"மாமா, துணி ஏலமும் நீங்கதானே எடுத்த?" என்றான் மருமகன். பொடியன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

இப்போது ஏலத்துக்குப் போகுமுன் உச்ச விலையை வீட்டிலேயே எழுதி, துண்டை மருமகனிடம் கொடுத்துவிடுகிறேன். எழுதும்போதே கொஞ்சம் குறைத்துத்தான் எழுதுகிறேன். அதைத் தாண்டினால் அவன் என் கையைப் பிடிப்பான். போன மாதம் இரண்டு தரம் பிடித்தான்.