வி.ஆர். துறைக்குப் போக எதைப் படிப்பது?

"வி.ஆர். படிக்கப்போறேன்" என்று உயர்தரம் எழுதிய பிள்ளை சொன்னால், கட்டுகஸ்தோட்டை வீடொன்றில் முதலில் எழும் கேள்வி, அதை எங்கே படிப்பது, எவ்வளவு காசு முடியும் என்பதுதான். நகையை அடகு வைக்க முன்னர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மெய்நிகர் யதார்த்தத் துறையில் பிள்ளை என்ன வேலை செய்யப்போகிறது?

தலையில் மாட்டும் ஹெட்செட் இரண்டு கண்களுக்கும் வெவ்வேறு படங்களைக் காட்டுகிறது. மெட்டாவின் குவெஸ்ட் கருவிகளில் இப்படம் செக்கனுக்குக் குறைந்தது 72 தடவை புதுப்பிக்கப்பட வேண்டும். அதாவது ஒரு படத்தைக் கணித்து வரைய 14 மில்லி செக்கனும் இல்லை. பிந்தினால், தலை திரும்பிய பிறகும் காட்சி திரும்பாமல் நிற்கும், பார்ப்பவருக்குக் குமட்டும். தலை எந்தப் பக்கம் திரும்பியது என்ற கணக்கு முழுவதும் காவிகளும் தாயங்களும்தான். "இது எங்கே உதவப்போகிறது" என்று இணைந்த கணித வகுப்பில் சலித்துக்கொண்ட அதே பாடம்.

ஆகவே மென்பொருள் எழுத விரும்புபவருக்குக் கணிதப் பிரிவே நேர்வழி. மகாவலி கட்டுகஸ்தோட்டைக்கு வருமுன் தொட்டு வரும் பேராதனையில், பொறியியல் பீடத்தில் கணினிப் பொறியியல் துறை இருக்கிறது. இசட் புள்ளி போதவில்லையா? கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம் இருக்கிறது. கலைப்பிரிவில் படித்தவருக்கும் இடமுண்டு: முப்பரிமாண உருவங்கள் செய்பவர், ஒலி அமைப்பவர், பயனர் எங்கே தடுமாறுகிறார் என்று கவனிக்கும் உளவியல் படித்தவர் எல்லோரும் இத்துறைக்குத் தேவை.

'வி.ஆர்.' என்று பெயர் போட்ட குறுகிய டிப்ளோமாக்களில்தான் எனக்குத் தயக்கம். 2014இல் பேஸ்புக் சுமார் 200 கோடி டொலருக்கு ஒக்யுலஸை வாங்கியது. 2021இல் தன் பெயரையே மெட்டா என்று மாற்றியது. ஆனால் 2024இல் மைக்ரோசொப்ட் ஹோலோலென்ஸ் 2 தயாரிப்பை நிறுத்திவிட்டது. கருவிகள் வரும், போகும். சி ஷார்ப்பும் கணினி வரைகலையும் தெரிந்தவர் விளையாட்டு மென்பொருளுக்கோ கட்டடக் காட்சிப்படுத்தலுக்கோ மாறிக்கொள்வார். ஒரு கருவியை மட்டும் பழகியவர் என்ன செய்வார்? அதனால் பணம் கட்டுமுன் இரண்டாம், மூன்றாம் வருடப் பாடப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரத்தையும் பாருங்கள்.

தமிழ்மொழி மூலம் படித்தவர்களுக்கு இன்னொன்று. பட்டப்படிப்பு ஆங்கிலத்தில்தான். தாயம் என்று படித்ததுதான் மெட்ரிக்ஸ் என்று பிடிபடவே முதல் செமஸ்டரில் பாதி போய்விடும். பெறுபேறு வரும்வரை உள்ள மாதங்களில் ஆங்கிலத்தோடு யுனிட்டியையும் பிளெண்டரையும் பழகலாம். பிளெண்டர் முற்றிலும் இலவசம். யுனிட்டியில் மாணவர் பழக இலவசப் பதிப்பு உண்டு. ஹெட்செட் இப்போது வேண்டாம். அது இருப்பதுபோலக் கணினித் திரையிலேயே பரிசோதித்துப் பார்க்க யுனிட்டியில் வசதி இருக்கிறது.